ஒரு செயின்சா போதாதா?

கேள்வி: என்னிடம் 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள, மரம் அறுக்கும் செயின்சா இருக்கிறது. கிளை கழிக்கச் சின்னதாக இன்னொன்று வாங்கலாம் என்றால் வீட்டில் ஒன்று போதாதா என்கிறார்கள். தேவையா?
- ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: தேவைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் தென்னைகள் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள்; ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து அழுத்தத்தில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது வெட்டு மூடிக்கொண்டு பார் உள்ளே மாட்டிக்கொள்ளும், அதை விடுவிக்கக் கையில் இன்னொரு மிஷின் இருந்தால் வேலை நிற்காது. இதற்காகவே இரண்டு வைத்திருக்கச் சொல்வேன். அப்புறம் எடை. நாள் முழுக்கப் பெரிய மிஷினைத் தூக்கிக் கிளை கழித்தால் மதியத்துக்குள் கை தளர்ந்துவிடும், தளர்ந்த கையில் பார் நுனி எதிலாவது பட்டு முகத்தை நோக்கி எகிறினால் பிடித்து நிறுத்த முடியாது. கிளைக்கு 35 சிசி இன்ஜின், 14 அங்குல பார் போதும். புளி, தூங்குமூஞ்சி அடிமரத்துக்கு 24 அங்குலம் வேண்டும்தான், ஆனால் வருடத்துக்கு இரண்டு மரம் என்றால் வாடகைக்கு எடுங்கள். சரி, வாங்கும்போது செயினின் பிட்ச் அளவை (கண்ணிகளின் இடைவெளி) பாருங்கள், அது பழைய மிஷினிலிருந்து வேறாக இருந்தால் தீட்டும் அரமும் வேறு. சின்னதுதானே என்று ஒற்றைக் கையால் மட்டும் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.