மணத்துக்கு எண்ணெய் கூட்டலாமா?

கேள்வி: மரத்தூள், ஆரஞ்சுத் தோல், லவங்கப்பட்டை ஆகியவற்றைக் காகிதக்கூழ் முட்டைத் தட்டின் குழிகளில் நிரப்பி, உருக்கிய மெழுகை ஊற்றிக் கணப்படுப்புக்கான தீமூட்டிகளைச் செய்கிறேன். புகைதான் மிகுதியாக வருகிறது, மணம் இல்லை. நறுமண எண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். நறுமண எண்ணெய்கள் எளிதில் ஆவியாகி எளிதில் தீப்பற்றுபவை. ஆகவே கூடுதலாக விடும் எண்ணெயில் ஒரு பகுதி சூடான மெழுகிலிருந்தே ஆவியாகிவிடும், எஞ்சியது சுடரில் எரிந்துபோகும். பொருள் சுடர்விட்டு எரியும்போது மணம் நம்மை எட்டுவதில்லை. சூடேறிக் கனலும்போதுதான் எட்டுகிறது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதியான லிமோனீன், ஏறத்தாழ 50 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடுவதால், அது தீ மூட்டுவதற்கு மிக நல்ல பொருளாகவும், அதே காரணத்தால் சுடருக்குள் மணத்தை நொடியில் இழந்துவிடும் பொருளாகவும் இருக்கிறது. எனவே தீமூட்டியில் சிறிதளவு தோலை மட்டும் வைத்து, மீதியையும் தடித்த பட்டைத் துண்டுகளையும் விறகு நன்கு பற்றிய பிறகு கனலின் ஓரத்தில் இடுங்கள். மணம் நெடுநேரம் நிற்கும்.

புகைக்கு முதற்காரணம் பெரும்பாலும் ஈரம்தான். தோல் வளையாமல் ஒடியும் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். ரோஸ்மேரி, லாவெண்டர் போன்றவற்றைக் கடும் வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும் என்பதால், நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவது நல்லது. பைன் கூம்புகள் கிடைத்தால் அவற்றையே நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்: அவற்றிலுள்ள பிசின் தானே எரிபொருளாகிறது, உலர்ந்து விரிந்த செதில்களுக்கிடையே காற்றும் தாராளமாகப் புகுகிறது. அடுத்த காரணம் மெழுகின் மிகுதி. மரத்தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவே போதுமானது. அதற்கு மேல் ஊற்றினால் கரிப்புகை எழும்பி இருக்கிற மணத்தையும் மூடிவிடும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும் என்பதால், கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தின் வெப்பமே அதற்குப் போதும். தப்பித் தவறி மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகு தெறித்துத் தீ பரவும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

வண்ணம் பூசிய மரத்தின் தூளையும், அரளி போன்ற நச்சுச் செடிகளின் சுள்ளிகளையும் சேர்க்காதீர்கள். அவற்றின் புகை உடலுக்குத் தீங்கானது. வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருந்தால், மணப்பொருள் எதுவும் கலக்காமல் வெறும் மரத்தூளும் மெழுகும் கொண்டே செய்யுங்கள். செய்து முடித்தவற்றை மூடியுள்ள தகரப் பெட்டியில், கணப்படுப்புக்கு எட்டாத தொலைவில் வைத்தால், மணமும் குறையாது, ஈரமும் ஏறாது.