கழிவு வெப்பத்தில் குடிநீர்: மகளுக்கு எந்தப் படிப்பு?

குளச்சலிலிருந்து கடிதம் எழுதிய அம்மாவுக்கு,

ஆலைகள் வெளியேற்றும் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் துறையில் உங்கள் மகள் சேர விரும்புவதாகவும், அதற்கென்று படிப்பு உண்டா, வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இளநிலையில் அந்தப் பெயரில் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். இயந்திரப் பொறியியல் அல்லது வேதிப் பொறியியல் போதும்.

கடலோர அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி, நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் நீரோடு கடலுக்கே போய்விடுகிறது. அந்த நீர் கையைச் சுடும் அளவுக்குக்கூடச் சூடாக இருப்பதில்லை என்றாலும், காற்றழுத்தத்தை மிகவும் குறைத்த கலனுக்குள் செலுத்தினால் அதில் ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தித் தீவில் கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் நிலையத்தை அமைத்தது. 2009இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்திலும் இதே முறையைச் செய்துகாட்டியது.

ஆனால் மீஞ்சூர், நெம்மேலி போன்ற பெரிய நிலையங்கள் உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறையில்தான் இயங்குகின்றன. அம்முறையில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். அதே அளவு நீரை ஒருமுறை ஆவியாக்கவோ சுமார் 650 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். வெப்பம் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் மட்டுமே இது கட்டுப்படியாகும். (நமக்குப் பக்கத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் ஆவியை இயந்திரத்தால் அழுத்தும் வேறொரு முறைதான்.) ஆகவே உங்கள் மகள் இதை மட்டுமே நம்பாமல் வெப்பப் பரிமாற்றம், வெற்றிடப் பம்புகள், உப்புநீர் அரிப்பு ஆகியவற்றை ஆழமாகக் கற்கட்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மின்நிலையம் எல்லாவற்றுக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது.

நாகர்கோவில் கோணத்திலுள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியைக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் முன்னே வையுங்கள். செலவு நெருக்கினால், அங்கேயே அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே, பொறியியல் மேற்படிப்பில் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதத் தொடங்கலாம்.

நம் மாவட்டத்தில் இத்தகைய பெரிய ஆலைகள் இல்லாததால், வேலை தூத்துக்குடியிலோ சென்னையிலோதான் அமையக்கூடும். அதற்கு வீட்டில் சம்மதமா என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே மகளோடு பேசி முடிவு செய்யுங்கள்.