அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பிபி மாத்திரையை எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. நான்கு வருடமாக அரசு மருத்துவமனையில் பிபி மாத்திரை வாங்குகிறார். ஆனால் தலை சுற்றினால் மட்டும்தான் போட்டுக்கொள்கிறார். போன வாரம் பார்த்தபோது 170/100 இருந்தது. படிக்காததால்தான் இப்படியா டாக்டர்?

பதில்: இல்லை. பட்டம் வாங்கியவர்களும் "பிபி நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்று வந்து உட்காருகிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்று அவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. உங்கள் அம்மா காய்ச்சல் மாத்திரை போலவே இதையும் நினைக்கிறார்: தொந்தரவு இருந்தால் போடுவது, சரியானால் விடுவது. உயர் ரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. தலைசுற்றலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். தலை சுற்றாத நாளிலும் மூளை, இதயம், சிறுநீரகம், கண் எல்லாவற்றின் ரத்தக்குழாய்களும் கெட்டுக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக்குத் தலை சுத்தலேன்னா மாத்திரை போடுவியாம்மா?" என்று கேளுங்கள். பதில் அவர் வாயால் வரட்டும். தப்பாக வந்தால் வேறு விதமாக விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். உண்மையில் இது மருத்துவர்களான நாங்கள் செய்ய வேண்டிய வேலை. கூட்டத்தைக் காரணம் காட்டி இதை விடக் கூடாது.

கால் வீங்குகிறதா என்றும் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை சிலருக்குப் பாத வீக்கம் தரும். அதற்குப் பயந்து சொல்லாமல் நிறுத்துபவர்கள் உண்டு. மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

அப்புறம், மாத்திரை அட்டை. ஒரே மருந்துதான், ஆனால் அரசு மருத்துவமனையில் தருவது ஒரு நிறம், கடையில் வாங்குவது இன்னொரு நிறம். நிறத்தை வைத்து அடையாளம் காண்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவதுண்டு. அட்டை மாறும்போதெல்லாம் பழையதைக் காட்டி மருந்தாளுநரிடம் கேளுங்கள். காலையில் மாத்திரை போட்ட பிறகே காலண்டர் தாளைக் கிழிக்கப் பழக்குங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

ரூபாய்க் கணக்கும் பஸ் நம்பரும் தெரிந்தவருக்கு 140/90 என்ற எண்ணும் பிடிபடும். அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். எவ்வளவு கீழே என்பதை மருத்துவர் சொல்வார்.

ஓரிரு நாளில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தினமும் போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார். நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது இதில் எது வந்தாலும் அதுவரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.