வேலையிடத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டால் வேலையில் திருப்தி கூடுமா?

எனக்கு முதலில் குறைந்தது. அப்புறம்தான் கூடியது.

நீங்கள் எச்.ஆர். வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களை வகுப்பு நடத்தி நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் போல. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 10 வருடமாக இருக்கிறேன். (பிரியாணி பற்றிக் கேட்க வேண்டாம்.)

முதல் 5 வருடம், வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டுகிற வேலை. ஒரு குறையும் இல்லை. வேறு எதுவும் தெரியாததால் குறை என்று ஒன்று தோன்றவே இல்லை.

ஒரு ரம்ஜான் மாதம் தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் ஆள் குறைந்து, தோல் எடுத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். ஷூவின் செலவில் பெரும்பங்கு தோலுக்குத்தான், அதனால் கட்டிங் மேஜைக்குத் தனி மரியாதை. அங்கே வயதான பாய் ஒருவர். நோன்பு வைத்திருந்ததால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்து போகமாட்டார். நான் பத்தே நிமிடத்தில் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு அவரிடம் வந்துவிடுவேன்.

"கண்ணால பாக்காதம்மா, கையால இழுத்துப் பாரு" என்பார். மாட்டின் முதுகுப் பக்கத் தோல் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொள. ஷூவின் முன்பகுதியை முதுகிலிருந்துதான் வெட்ட வேண்டும், அதுவும் நீளவாக்கில் இழுபடாத திசை பார்த்து டை (துண்டு வெட்டுகிற அச்சு) வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கொஞ்ச நாளிலேயே ஷூ உருக்குலைந்துவிடும். லேஸுக்கு அடியில் வரும் ஷூ நாக்கு மாதிரி உள்ளே மறைகிற துண்டுக்கு வயிறு போதும். இடது காலையும் வலது காலையும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால்தான் நிறம் ஜோடி சேரும். முள்கம்பிக் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். எனக்கும் தெரிய ஆரம்பித்தது.

நோன்பு முடிந்ததும் மறுபடி பசைக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே பிடித்தது சனி. துண்டைக் கையில் எடுத்தாலே, "இது வயிற்றுத் தோல், முன்பகுதிக்கு எப்படி வந்தது?" என்று தோன்றுகிறது. சொன்னால் சூப்பர்வைசர், "உன் வேலையைப் பாரும்மா." 5 வருடம் வராத எரிச்சல் ஒரே வாரத்தில் வந்தது. "சும்மா இருந்த சங்கை ஆண்டி ஊதிக் கெடுத்தானாம், இங்கே பாய் ஊதிட்டார்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

இதற்கு நடுவில் கம்பெனி ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. புரொஜெக்டர், வெளியூர் ஆள், "உற்சாகமாக வேலை செய்வது எப்படி." முடிவில் சான்றிதழ். அதில் வேலூர் மாவட்டம் என்று போட்டிருந்தார்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து எங்களைத் திருப்பத்தூரில் சேர்த்தாயிற்று. ஆதாரில் ஒரு மாவட்டம், புதுச் சான்றிதழில் ஒரு மாவட்டம். இதே காரணத்துக்காக மகள் படிப்பு விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தேன். அந்த இரண்டு நாள் சம்பளம் யார் தருவார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதம் கழித்து அனுப்பிய ஷூவில் ஒரு லாட் திரும்பி வந்தது, முன்பகுதி இழுபட்டு. நான் சொன்னது அப்போதுதான் சூப்பர்வைசருக்கு ஞாபகம் வந்தது. வெட்டிய துண்டுகளைச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார வைத்தார். சம்பளம் ஏறியது கொஞ்சம்தான், எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் நான் ஒதுக்கிய துண்டு லைனுக்குப் போகாது. முதல் நாள் 14 துண்டு ஒதுக்கினேன். பாய் வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, இரண்டை மட்டும் நல்ல துண்டுகளோடு திரும்ப வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது இருந்ததைத்தான் திருப்தி என்கிறீர்கள் என்றால், ஆமாம், கூடும்.

கம்பெனியைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கமென்ட்டில் ஏறாதீர்கள். சம்பளம் தேதி தவறியதில்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள். வகுப்பே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் வைக்காதீர்கள், எங்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டோம்.