சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் பேச்சுக் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது?

நீங்கள் புதிதாக மேற்பார்வைப் பொறுப்புக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். "சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள், பிறகு வேறொன்றைச் செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைச் சுட்டது. துரையிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்று பரம்பரையாகப் பழக்கப்பட்டவர்கள், புரியாவிட்டாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி வாட வைத்த பிறகுதான் ரோலர் இயந்திரத்தில் போடுவோம். ஒரு மழைக்காலம். காலி நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி, மாலையில் ஆள் மாறும் நேரத்தில், "மூன்றாம் தொட்டிக் கொழுந்து ஈரம், அதைக் கடைசியில் எடுங்கள்" என்று சிங்களத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார். "சரிங்க ஐயா" என்றார்கள். இரவு அதையே முதலில் ரோலரில் போட்டுவிட்டார்கள். சரியாக வாடாத கொழுந்தை அரைத்தால் சாறு வழிந்து இலை நொறுங்கிப்போகும்.

மறுநாள், தோட்டத்து ஆட்களுக்குக் கவனம் போதாது என்று பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால், அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு பிடி கொழுந்தை இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். உருண்டை சட்டென்று உதிராமல், காம்பு ஒடியாமல் வளைந்தால்தான் வாடியது என்பார். அன்றிரவும் "இது இன்னும் பச்சை" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அதிகாரி சொன்னதாக நினைத்த வரிசையை மாற்ற யாருக்கும் துணிவில்லை.

இதை அதிகாரியிடம் நேரிலேயே சொன்னேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். இப்போது "புரிந்ததா?" என்று அவர் கேட்பதில்லை. "முதலில் எதை எடுப்பீர்கள்? ஏன்?" என்று கேட்கிறார். தொட்டி இலக்கம், கொழுந்து போட்ட நேரம், எடுக்கும் வரிசை மூன்றும் கரும்பலகையில் இரு மொழியிலும் எழுதப்படுகின்றன. பெரியவர் பச்சை என்றால் ரோலர் காத்திருக்கும். உங்கள் இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். முதலில் அவரைத் தேடுங்கள்.

"தமிழர்கள் சிங்களம் படித்தால் தீர்ந்தது" என்று எழுதச் சிலர் வருவார்கள். எங்கள் ஆட்களில் பலர் கடைத்தெருவில் சிங்களம் பேசிச் சமாளிப்பவர்கள்தான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச ஊழியர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கையே வந்தது. பிறகும் படிக்கும் சுமை ஏன் ஒரு பக்கத்துக்கே? பகை வளர்க்க இதை எழுதவில்லை. எனக்குச் சிங்களம் எழுதப் படிக்கச் சொல்லித்தந்தவரே ஒரு சிங்கள நண்பர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்து கிடந்து, யாராவது எடுத்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். என் தங்கையின் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பிறகு வந்தது. நன்றாகப் படித்த பிள்ளை. லயத்து வாசல்வரை தபால் வர வேண்டும் என்று மனுக் கொடுத்தோம், இன்னும் பதில் இல்லை.