ஈசிஜி நார்மல், அப்புறம் எதற்கு அடுத்த டெஸ்ட்?

மதுரையில் இருதயப் பிரிவு எக்கோ (இதயத்தை ஸ்கேனில் பார்ப்பது), டிரெட்மில் அறைகளில் 26 வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். எந்த நிலையில் எந்த டெஸ்ட் எதற்கு என்று சொல்ல முடியும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மேட்டில் சைக்கிள் மிதித்தால் நெஞ்சைக் கவ்வுகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஈசிஜி நார்மல். வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள்.

தம்பி, இதை வாயு என்று விட்டுவிடாதீர்கள். மேடு ஏறினால் வருவது, நின்றால் போவது, மறுபடி ஏறினால் மறுபடி வருவது. வாயு இப்படிக் கணக்காக வராது. ஈசிஜியைப் படுக்க வைத்து எடுக்கிறோம். ரத்தக்குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், சும்மா படுத்திருக்கும் இதயத்துக்கு வரும் ரத்தம் போதும். அதனால் ஈசிஜி சுத்தமாக வரும். இதயம் கூடுதலாகக் கேட்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

அதற்குத்தான் டிரெட்மில், ஓடும் பட்டையில் நடக்க வைத்தே ஈசிஜி பார்ப்பது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்தால் அப்பாவுக்கு 162. அதில் 85 சதவீதம், அதாவது 138 துடிப்பு வரை போகப் பார்ப்போம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் டாக்டர் நேராக சிடி ஆஞ்சியோகிராம், அதாவது சாய மருந்து ஏற்றி இதய ரத்தக்குழாயை ஸ்கேனில் பார்ப்பது, கேட்டாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்று. வலி சும்மா இருக்கும்போதே வந்தாலோ, முன்பு மேட்டில் வந்தது இப்போது வாசலுக்கு நடந்தாலே வந்தாலோ, டிரெட்மில் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கேயும் முதல் ஈசிஜி நார்மலாக வரலாம். மறுபடி ஈசிஜி, சில மணி நேரம் கழித்து இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டாவது தடவை, இவை முடியாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஒரு தடவை டிரெட்மில்லுக்கு வந்த ஒருவரிடம் “காலையில் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “பல் தேய்க்கும்போதே பிசைந்ததும்மா” என்றார். மெஷினில் ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். வார்டில் எடுத்த அடுத்த ஈசிஜியே மாறியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரையும் ஏற்றியதில்லை.

மேலூர்: மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம். நன்றாக இருக்கிறார். வருடத்துக்கு ஒரு ஆஞ்சியோ பார்க்க வேண்டாமா?

தொந்தரவு இல்லை என்றால் வேண்டாம். பயத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. கொரியாவில் ஸ்டென்ட் வைத்த, ஆபத்து கூடிய 1,706 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு வருடம் கழித்து ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அதாவது டிரெட்மில் மாதிரி இதயத்தை வேலை வாங்கிப் பார்க்கும் டெஸ்ட், செய்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. இரண்டு வருடக் கணக்கில் மரணம், மாரடைப்பு, நெஞ்சுவலிக்காக அட்மிட் ஆவது எல்லாம் சேர்த்துப் பார்த்தும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை மாத்திரைக்கு வையுங்கள். கெட்ட கொழுப்பு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்கிறதா, பிரஷர், சர்க்கரை எப்படி என்று பாருங்கள். பலருக்கு எல்டிஎல் 55-க்கும் கீழே கேட்கிறார்கள். பழைய வலி திரும்பினாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ கதை வேறு, உடனே காட்டுங்கள்.

வில்லாபுரம்: அம்மாவுக்கு மூட்டுவலி, டிரெட்மில்லில் நடக்க முடியாது.

பாதியில் இறங்கிவிட்டால் அந்த டெஸ்ட் எதுவும் சொல்லாது. மருந்து ஏற்றித் துடிப்பைக் கூட்டி எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ இருக்கிறது, இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா என்று காட்டும், தாலியம் ஸ்கேன் என்று நாம் சொல்லும் ஸ்கேன் இருக்கிறது. பெண்களுக்கு டிரெட்மில் இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டுவதும் கூடுதல், அதனால் அம்மாவுக்கு இது நல்ல வழிதான். சிடி ஆஞ்சியோ என்றால் முதலில் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பாருங்கள். சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும்.

திருமங்கலம்: தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும்போது மயங்கி விழுந்தான். வெயில் என்கிறார்கள்.

வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் ஈசிஜியும் எக்கோவும் பார்க்கும் வரை மைதானத்துக்கே அனுப்பாதீர்கள். இதயத் தசை தடிக்கும் பரம்பரை வியாதி சில குடும்பங்களில் ஓடுகிறது. சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் வீட்டில் யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

சோழவந்தான்: மாதம் ஒரு தடவை படபடப்பு. 24 மணி நேர ஹோல்டரில் (உடம்பில் மாட்டிவிடும் ஈசிஜி கருவி) ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் படபடப்பு வந்ததா? வரவில்லை என்றால் ஹோல்டரில் என்ன பதியும்? பல நாள் பதியும் கருவி உண்டா என்று கேளுங்கள். வரும்போதே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி ஈசிஜி எடுத்தால், அந்த ஒரு தாளே போதும்.

வாடிப்பட்டி: தங்கை ஆறு மாதக் கர்ப்பம், மூச்சு வாங்குகிறது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறாள்.

இந்த வாரமே எக்கோ எடுங்கள். அந்தக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருக்கலாம், பலருக்குக் கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும்போதுதான் அது வெளியே தெரியும். எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பம் என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால், ஊசி விஷயத்தைச் சொல்லுங்கள்.

34 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை, பேக்கேஜில் சிடி ஆஞ்சியோ போட்டிருக்கிறார்கள்.

வேண்டாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள், போதும்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதைக் காட்டி, எந்த டெஸ்ட் இதில் சேரும் என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அரசு இராசாசி மருத்துவமனை இருதயப் பிரிவுக்குப் போகும்போது பழைய ஈசிஜியை மறக்காமல் எடுத்துப் போங்கள். புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும். அந்தத் தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.