நிந்தவூரைக் கடந்துதானே போக வேண்டும்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கத்து நண்பர்கள் ஐந்து பேர். சென்ற ஆண்டு திருகோணமலை வழியாகப் பருத்தித்துறைவரை மோட்டார் சைக்கிளில் போனோம். கதிரவெளிக்கு அப்பால் ஒருவனுடைய பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. எங்களிடம் பம்பும் இல்லை, ஒட்டுப் போடும் சாமானும் இல்லை. பழைய 100 சீசீ வண்டியில் தனியாக வந்த ஒருவர் தானாகவே நிறுத்தி, சில்லைக் கழற்றி, ரியூபுக்கு ஒட்டுப் போட்டுத் தந்தார். நிந்தவூர்க்காரர், எங்களுக்கு மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் வடக்கே போகிறவர் என்பதால் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பினோம்.

இப்போது பொத்துவில், மொனராகலை, வெல்லவாய வழியாக எல்ல என்ற மலை ஊருக்குப் போகத் திட்டமிடுகிறோம். நானாவின் வண்டி மலை ஏறாது, நம்மையும் தாமதப்படுத்தும், அவரிடம் சொல்லாமலே போவோம் என்கிறார்கள் மற்றவர்கள். நான் வாய் திறக்கவில்லை. பயணத்தில் கிடைக்கும் நட்பு பயணத்தோடு முடிந்துவிடுவதுதானா?

— க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

நீங்கள் போகப்போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கல்முனை, காரைதீவு, அடுத்தது நிந்தவூர். ஏ4 வீதி அந்த ஊரின் நடுவால்தான் போகிறது. உங்களுக்காக நடுவழியில் குந்தியிருந்து ஒட்டுப் போட்ட மனிதரின் ஊரை, அவர் எழும்பும் முன்னே ஐந்து வண்டிகளில் கடந்துவிடுவது உங்கள் நண்பர்களின் திட்டம். அதைச் செய்யாதீர்கள். என் பதில் இதுதான்.

மலை ஏறாது என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாயவிலிருந்து ஏற்றம் முப்பது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். ஒருவர் மட்டும் ஏறி, பாரமும் குறைவாக இருந்தால், ஒழுங்காகப் பராமரித்த 100 சீசீ வண்டி இரண்டாம் மூன்றாம் கியரில் மெல்ல மெல்ல ஏறிவிடும். அவருடைய பையை உங்கள் 150 சீசீ வண்டி ஒன்றில் கட்டிக்கொள்ளுங்கள். கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். ஏறிய கியரிலேயே, கிளச்சைப் பிடிக்காமல், இயந்திரத்தின் இழுவையில் இறங்க வேண்டும். இது நானாவுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் நண்பர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில், பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து தூரப் பயணம் போனவர்கள் யார்? இந்தச் சின்ன வண்டிக்காரர்கள்தான். 4 லீற்றரில் அவர்கள் 200 கிலோமீற்றருக்கு மேல் போனார்கள். பெரிய வண்டிகள் முற்றத்தில் நின்றன.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். கூட்டமாக ஓடுகிறவர்கள் பலர் வேகம் குறைந்தவரைக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்தான பழக்கம். முன்னால் ஒருவர் கொஞ்சம் முறுக்கினாலும், வரிசையின் கடைசியில் வருபவர் எட்டிப் பிடிப்பதற்கு எல்லோரையும்விட வேகமாக ஓட வேண்டியிருக்கும். ஓட முடியாதவரையே ஓடவைக்கிறோம். அவருக்கு உரிய இடம் இரண்டாவது, முன்னால் போகிறவருக்கு அடுத்து. கைதேர்ந்தவர் பம்பும் சாவிகளும் வைத்துக்கொண்டு கடைசியில் வரட்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். உங்களைக் காணாமல் உங்களுக்கு முன்னால் போகிறவர் குறைப்பார், அப்படியே அது முதல் வண்டிவரை போய்ச் சேரும். சியம்பலாண்டுவையில் அம்பாறைப் பாதை பிரிகிற சந்தி போன்ற இடங்களில், பின்னால் வருபவரைக் கண்ட பிறகே திரும்ப வேண்டும். அறுவடைக் காலத்தில் நம் பக்கம் தார் வீதியின் பாதியில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். பொழுது பட்டால் மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். முன்னால் போகிறவர் அவை இருக்கும் பக்கம் காலை நீட்டிக் காட்டினால் பின்னால் வருபவர் தப்புவார். இப்படி ஒரு முழு நாள் கண்ணாடியில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு ஓடுவதால்தான் பயணத்தில் அவ்வளவு விரைவாக நெருங்கிவிடுகிறோம். கடையில் நின்று பேசுகிற பேச்சில் அவ்வளவு நெருக்கம் வருவதில்லை.

பாணமைக்கு அப்பால், உகந்தை போகும் மண்பாதையில், என் கிளச் கேபிள் ஒருமுறை அறுந்துவிட்டது. எதிரே ஒரு மாத்தறை இளைஞர் வந்தார். அவருக்குத் தமிழ் இல்லை, எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போதுமான அளவுதான். அவர் தன் வண்டியின் கேபிளோடு சேர்த்து ஒரு புதுக் கேபிளைக் கறுப்பு டேப்பால் சுற்றிவைத்திருந்தார். கத்தியால் டேப்பை நீளமாகக் கீறி அதை உருவினார். முனையிலிருந்த குண்டு என் வண்டிக்குக் கொஞ்சம் பெரிது. சிறிய அரம் ஒன்றை எடுத்துத் தேய்ப்பார், பொருத்திப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். விரல்களெல்லாம் பித்தளைத் தூள். கேபிளின் கூடுதல் நீளத்தை ஹாண்டிலுக்குக் கீழே வளைத்துக் கட்டினார். பிறகு பொத்துவில் கராஜ் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். அன்று அந்தக் காட்டுப் பாதையில் தன்னிடமிருந்த ஒரே மாற்றுக் கேபிளைத்தான் எனக்குக் கொடுத்தார் என்பது கராஜில்தான் எனக்கு விளங்கியது. மாதக்கணக்கில் நாங்கள் பேசுவதில்லை. ஆனால் அவர் மட்டக்களப்புக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு, போகும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் கட்டிக் கொடுப்பேன். நான் மாத்தறையைக் கடந்தால் அவருக்குச் சொல்லாமல் கடக்க மாட்டேன்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் நண்பர்களுக்கு வேகம் மட்டும்தான் காரணமா? நீங்கள் போன திருகோணமலைப் பாதை யுத்த காலத்தில் அடைபட்டுக் கிடந்தது. பொலன்னறுவை, ஹபரணை என்று சுற்றித்தான் போனோம். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை வண்டியை மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அதைவிடக் கடினமாக இருந்தது இந்தக் கல்முனை வீதி. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று அடுத்தடுத்து இருக்கும் இந்த வீதியில், 1990க்குப் பிறகு ஒருவர் ஊரை மற்றவர் கடக்க அஞ்சிய நாட்களை நான் கண்டிருக்கிறேன். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று மேடையில் சொல்வது எளிது. கதிரவெளியில் நானா வண்டியை நிறுத்தியபோது உங்கள் ஊரைக் கேட்டுவிட்டா சில்லைக் கழற்றினார்? காரணம் வேகம் மட்டும்தான் என்றால் மிக நல்லது, அதற்கு வழி மேலே சொல்லிவிட்டேன்.

இன்றிரவே அவரை அழையுங்கள். பிரேக் ஷூவையும் செயினையும் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை புறப்படுவதென்றால் ஜும்ஆ நேரத்துக்குப் பள்ளிவாசல் உள்ள ஊரில் நிற்கும்படி கணக்குப் பண்ணுங்கள். திரும்பும்போது யானை இறங்கும் முன், வெயில் இருக்கவே லாகுகலையைக் கடந்துவிடுங்கள். இந்தமுறை பம்பும் ஒட்டுச் சாமானும் உங்கள் பையிலும் இருக்க வேண்டும். மற்றவர்கள் மறுத்தால் நீங்களும் நானாவும் மட்டும் போய் வாருங்கள்.